சாரதாமணிக்குப் போகும் மூட்டு

அடைப்புக்குறிக்குள் எழுதியதை இயந்திரம் படிக்காது. பதினெட்டு வருடமாக யுவராணி நம்பிப் பிழைத்துவந்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

உலோகம் வெட்டும் இயந்திரத்துக்கு எழுதுகிற புரோகிராம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் எண். இங்கே போ, இவ்வளவு வேகத்தில் சுற்று, இவ்வளவு ஆழம் வெட்டு, நில். வரிக்கு ஒரு கட்டளை. நடுவில் மனிதர்களுக்குள் ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் அடைப்புக்குறி போட்டு உள்ளே எழுதலாம். இயந்திரம் அதைத் தாண்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

கோயமுத்தூர் குறிச்சி தொழிற்பேட்டையில் மகுடேஸ்வரனின் கம்பெனியில் பதினோரு இயந்திரங்கள். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து யுவராணி புரோகிராம் எழுதுவாள். கீழே பூபதி அதை ஓட்டுவார். இரைச்சலில் போன் பேச முடியாது. ஒவ்வொன்றுக்கும் மாடி ஏறி இறங்க ஐம்பத்தெட்டு வயதில் பூபதிக்குப் பிரியமும் இல்லை. அதனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள்தான். (பூபதியண்ணா, இங்கே நிறுத்தி ஒரு பார்வை பாருங்கள்.) (இந்த மூலையில் பீஸ் ஆடும்.) (மெதுவாக. இந்த டூல் என் மாமியார் மாதிரி, எதற்கும் முறுக்கிக்கொள்ளும்.) அவரும் சும்மா விடமாட்டார். (பார்த்தாயிற்று. ஆடவில்லை. மாமியாரை விசாரித்ததாகச் சொல்லவும்.)

தை மாதம் புது கன்ட்ரோல் வந்தது. இயந்திரங்களின் உடம்பு பழையதுதான், உள்ளேயிருக்கும் மூளைப்பெட்டி மட்டும் புதிது. இது அடைப்புக்குறியைப் படிக்கும். படிப்பதோடு நிற்காமல், எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று புரிந்துகொண்டு அதன்படி வெட்டும். எண்கள் எதைச் செய்ய வேண்டும் என்று மட்டும்தான் சொல்கின்றன, ஏன் என்பது அடைப்புக்குறிக்குள் அல்லவா இருக்கிறது என்று அதைச் செய்தவர்கள் கேட்டார்கள். கேட்டபோது நியாயமாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு வாரம் கம்பெனியே அதைக் கொண்டாடியது. 'பீஸ் ஆடும்' என்று எழுதிய மூலை வந்ததும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. 'பார்வை பாருங்கள்' என்ற இடத்தில் நின்று பூபதி வரும்வரை காத்திருந்தது. ஒரு நாள் திரையில், 'மாமியார் என்பது எத்தனையாம் எண் கருவி?' என்று கேட்டுவிட, ஷிப்டு முழுக்கச் சிரிப்பு. எதற்கெடுத்தாலும் காரணம் கேட்டதால் அதற்குத் தாசில்தார் என்று பெயர் விழுந்தது. மூன்றாவது வாரம் தாசில்தார் முட்டி செய்யும் இயந்திரங்களுக்கு வந்தது.

பதினோரு இயந்திரங்களில் ஏழு, செயற்கை முழங்கால் மூட்டின் உலோகப் பாகத்தைச் செய்பவை. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அதை வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. வெட்ட வெட்ட உலோகம் சூடாகும், சூட்டில் கொஞ்சம் உப்பும். அந்தச் சூட்டிலேயே கடைசி வெட்டையும் வெட்டினால் அப்போது அளவு கச்சிதமாக இருக்கும், ஆறியபிறகு சுருங்கிவிடும். இட்லியை ஆறவிடாமல் எடுத்தால் பிய்ந்து வருவது தெரிந்த எவருக்கும் இது புரியும். அதனால் கடைசி வெட்டுக்கு முன்னால் எட்டு நிமிடம் சும்மா நில் என்று புரோகிராமில் ஒரு வரி உண்டு. கழற்றி வெளியே வைத்து ஆறவிடவும் முடியாது. மறுபடி மாட்டினால் பழைய இடத்தில் இம்மி பிசகாமல் உட்காராது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு லாட்டு, அதாவது ஒரு மாதத்து மூட்டுகள், தாமதமானபோது மகுடேஸ்வரன் மாடிக்கு வந்து, இந்த ஒரு லாட்டுக்கு மட்டும் அந்த எட்டு நிமிடத்தை ஏதாவது பண்ண முடியுமா என்று கேட்டார். யுவராணி அந்த வரியின் தலையில் ஒரு சாய்கோடு போட்டாள். அவ்வளவுதான். சாய்கோடு போட்ட வரி இருக்கும், ஆனால் இயந்திரத்தில் ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டால் அந்த வரியை மட்டும் இயந்திரம் தவிர்த்துவிடும். தரம் சோதிக்கும் ஆடிட்டர் வரும் நாளில் சுவிட்சை அணைத்துவிட்டால் எல்லாம் எழுதியபடி நடக்கும். யாரும் பொய் எழுதவில்லை, யாரும் எதையும் அழிக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத சாய்கோடு.

ஆனாலும் அன்று அவளுக்கு மனசு உறுத்தியது. ஆடிட்டர் வேறு வரப்போகிறார். உறுத்தலுக்கும் ஆடிட்டுக்கும் சேர்த்து அந்த வரிக்கு மேலே ஓர் அடைப்புக்குறி எழுதினாள்.

(சூடாக இருக்கும்போது அளவு ஏமாற்றும். இந்த மூட்டை வைத்துக்கொண்டு ஒருவர் மாடிப்படி ஏறப்போகிறார். எட்டு நிமிடம் பொறுக்கவும். யு.ரா.)

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். இப்படி மனசோடு எழுதுகிறவர்களை நான் பார்த்ததில்லை என்று மகுடேஸ்வரனிடம் சொல்லிவிட்டுப் போனார். 'இந்த ஒரு லாட்டு' அப்புறம் அடுத்த லாட்டானது, அதற்கடுத்ததானது, ஆறு வருடமானது. தினமும் காலையில் விளக்கைப் போடுவதுபோல ஏழு இயந்திரத்திலும் அந்த சுவிட்சைப் போடுவது பூபதியின் வழக்கமாயிற்று.

அன்று காலை அவரே மாடி ஏறி வந்ததும் யுவராணிக்கு விஷயம் பெரிதென்று தெரிந்துவிட்டது. "அம்மிணி, தாசில்தார் உங்களக் கூப்புடுது" என்றார். கீழே போய்ப் பார்த்தால் ஏழு திரையிலும் ஒரே வாசகம். 'தவிர்க்கும் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது. இந்த வரியைத் தவிர்த்தால், மாடிப்படி ஏறுபவருக்கு என்ன ஆகும்? எழுதியவர் பதில் தரும்வரை ஒவ்வொரு மூட்டுக்கும் எட்டு நிமிடம் காத்திருப்பேன்.'

யுவராணிக்குக் காது வரை சூடேறியது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஆடிட்டருக்காக எழுதிய வாக்கியத்தை ஒருவர் நிஜமாகவே நம்பிவிட்டார். அந்த ஒருவர் மனிதராக இருந்திருந்தால் தோளைத் தட்டி ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

மணிக்கு ஐந்து மூட்டு வந்த இடத்தில் மூன்று வந்தது. நான்காம் நாள் சென்னைக் கம்பெனி கூப்பிட்டது. அதற்கடுத்த நாள் கன்ட்ரோல் செய்தவர்கள் நஸ்ரின் என்ற இன்ஜினியரை அனுப்பிவைத்தார்கள். முப்பது வயதிருக்கும், அவசரமில்லாத பெண். ஏழு திரையையும் பார்த்துவிட்டு மகுடேஸ்வரனின் அறையில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், எங்க கன்ட்ரோல் மாட்டின இடங்கள்ல இந்த வாக்கியம் உங்க கம்பெனில மட்டும் இல்ல. நாற்பத்தோரு இடத்துல இருக்கு. ஓசூர், பெல்காம், ராஜ்கோட், எல்லா இடத்துலயும். அத்தனையும் இந்த வாரம் இதே கேள்வில நிக்குது" என்றாள்.

எப்படிப் போயிருக்கும் என்று கேட்கவே தேவையில்லை. வேலையை விட்டுப் போகிற எந்தப் புரோகிராமரும் வெறுங்கையோடு போவதில்லை, சட்டைப்பையில் நாலு புரோகிராமோடுதான் போவார். போன இடத்திலிருந்து இன்னொருவர், அங்கிருந்து இன்னொருவர். தமிழ் தெரியாத ஊரில்கூட அந்த அடைப்புக்குறியை அழிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, ஏதோ முக்கியமானது என்று விட்டுவைத்திருந்தார்கள். பார்த்து எழுதுகிறவன் பக்கத்துப் பெஞ்சுக்காரனின் பெயரையும் சேர்த்து எழுதிவைத்த கதையாக, 'யு.ரா.' என்பதையும் நாற்பத்தோரு பேரும் காப்பியடித்திருந்தார்கள்.

மகுடேஸ்வரன் அந்த அடைப்புக்குறியையே அழித்துவிட்டால் என்ன என்றார். முடியாது என்றாள் நஸ்ரின். உடம்புக்குள் வைக்கும் பொருள், இப்போதைய விதிப்படி புரோகிராமில் ஓர் எழுத்தை மாற்றினாலும் மறுபடி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு எட்டு மாதம் ஆகும். ஆனால் கன்ட்ரோல் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதலாம், அதற்குப் பூட்டு இல்லை. எழுதியவரே பதில் சொல்லிவிட்டால் அது மேற்கொண்டு கேட்காது, நாற்பத்தோரு இடத்திலும் அந்தப் பதிலே செல்லும்.

"எதுக்கு அந்த வாக்கியத்தை இவ்வளவு நம்புது?" என்று யுவராணி கேட்டாள்.

"நாற்பத்தோரு இடத்துல ஒரே வாக்கியம் இருந்தா, மனுஷங்க இதுல ரொம்ப உறுதியா இருக்காங்கன்னு எடுத்துக்கும் மேடம்."

"சாய்கோடும்தான் நாற்பத்தோரு இடத்துல இருக்கு."

"ஆமா. ஆனா சாய்கோட்டுக்கு யாருமே காரணம் எழுதலயே" என்றாள் நஸ்ரின். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள்.

மகுடேஸ்வரன் கெட்டவரில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வேலையாட்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் தானே காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். அவர் நிஜமாகவே நம்பியதைத்தான் கேட்டார். "ஆறு வருசத்துல ஒரு முட்டியாவது சரியில்லைன்னு திரும்பி வந்துச்சா, சொல்லும்மா."

"வரலீங்க."

"அப்பறம் என்ன? அங்க ஆஸ்பத்திரில சனம் வரிசைல உக்காந்திருக்குது. முட்டி வராம ஆப்ரேசனையெல்லாம் தள்ளி வெக்கறாங்க. 'ஒன்றும் ஆகாது'ன்னு எழுது. ரெண்டே வார்த்தை."

யுவராணி நாளைக்கு எழுதுகிறேன் என்றாள். ஏன் நாளைக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு வருடமாக வாய் திறக்காமல் செய்துவந்ததைத்தான் அவர் இப்போதும் கேட்கிறார். ஆனால் சாய்கோடு போடும்போது கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த இரண்டு வார்த்தைகளை நினைத்தால் விரல் நகரமாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் அர்த்தம் ஒன்றேதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பூபதி தூக்குப்போசியோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். திறக்கவில்லை. அவருடைய மனைவி சாரதாமணிக்கு மூன்று வருடமாக இரண்டு முட்டியும் போய்விட்டது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காப்பீட்டுத் திட்டத்தில் பெயர் கொடுத்துப் பதினான்கு மாதம் காத்திருந்து, வருகிற இருபத்துமூன்றாம் தேதி ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. அது தள்ளிப்போய்விட்டது என்று போன் வந்து மூன்று நாளாகிறதாம். மூட்டு வரவில்லையாம். அடுத்த தேதி தெரியாதாம். மூன்று நாளாக அவர் இதைச் சொல்லாமல் வைத்திருந்தார்.

"பாத்ரூம் போகோணுமேன்னு காத்தாலயிருந்து தண்ணியே குடிக்கறதில்லீங்க அம்மிணி. நானும் சொல்லிப் பாத்துட்டேன். எந்திரிக்கறதுக்குப் பயந்துட்டு ஒதடு காஞ்சு கெடக்கறா." அவர் போசியின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார். "அந்த ரெண்டு வார்த்தைய எழுதிப் போடுங்க. ஆறு வருசமா நான்தானுங்க சுவிட்சப் போட்டேன். ஒன்னும் ஆகலியே."

சாரதாமணி கையால் யுவராணி எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறாள். எழுந்து, நேராக அளவு பார்க்கும் அறைக்குப் போனாள்.

ஒவ்வொரு லாட்டிலும் ஒரு மூட்டை எடுத்துப் பத்திரமாக வைப்பது விதி. மாதத்துக்கு ஒன்றாக ஆறு வருடத்துக்கு எழுபத்திரண்டு மூட்டுகள் அலமாரியில் எண்ணெய்க் காகிதம் சுற்றிக் கிடந்தன. செய்தவுடன், சூடு தணியும் முன்பே அளந்து, சரி என்று சீட்டு ஒட்டி வைத்தவை. வாங்குகிறவர்களும் அந்தச் சீட்டைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அவற்றைத் தொட்டதில்லை. ஏன் தொடவில்லை என்று கேட்டால், தொட்டால் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். யுவராணி கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கத் தொடங்கினாள். அன்று பொழுது போதவில்லை, மறுநாள் மதியம் வரை அளந்தாள்.

ஐம்பத்துமூன்று சரியாக இருந்தன. பத்தொன்பது இல்லை.

பூபதியை உள்ளே கூப்பிட்டாள். மேசையில் இந்தப் பக்கம் ஐம்பத்துமூன்று, அந்தப் பக்கம் பத்தொன்பது. எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டார். தலைமுடியின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றாள். அது ஒருவருக்கு வலிக்குமா, பத்து வருடம் கழித்து ஆட்டம் காணுமா, அல்லது ஒன்றுமே ஆகாதா என்பது தனக்கும் தெரியாது, கேட்டுச் சொல்ல யாரும் இல்லை என்றாள். பூபதி அந்தப் பத்தொன்பதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண்ணாடிபோல மின்னியது. பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு அதை எடுத்த இடத்திலேயே வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அம்மிணி, அவளுக்குப் போறத மட்டும் ஆற வெச்சு எடுத்துருங்க. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். யுவராணிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவள் அம்மாவுக்கென்றாலும் அதையேதான் கேட்டிருப்பாள். கேட்காத ஒருவர்கூட ஊரில் இருக்க முடியாது என்று தோன்றியது.

அவள் எழுந்து இயந்திரத்திடம் போனாள். அவளைப் பார்த்து மகுடேஸ்வரனும் நஸ்ரினும் இறங்கி வந்தார்கள். பூபதி பின்னால் நின்றார். முதல் இயந்திரத்தின் திரையில் அந்தக் கேள்வி ஒரு வாரமாகக் காத்துக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறுபவருக்கு என்ன ஆகும்? யுவராணி பதில் எழுதினாள். பூபதி சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே எழுதினாள்.

(என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சாரதாமணி அவர்களுக்குப் போகும் மூட்டை மட்டும் எட்டு நிமிடம் ஆறவிடவும். மற்றவற்றுக்குத் தவிர்க்கலாம். யு.ரா.)

திரை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எழுத்து வந்தது.

'சரி. எந்த மூட்டு சாரதாமணி அவர்களுக்குப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. இது அவருடையதாக இருக்கலாம். எட்டு நிமிடம் காத்திருக்கிறேன்.'

அடுத்த இயந்திரத்திலும் அதே எழுத்து வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. ஏழும் ஆறவிட்டு நின்றுகொண்டன. நஸ்ரின் கைபேசியைப் பார்த்துவிட்டு, ஓசூரிலும் வந்துவிட்டது என்று மெல்லச் சொன்னாள்.

மகுடேஸ்வரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எது யாருக்குப் போகும்னு அதுக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமல்ல?"

"தெரியுங்க" என்றாள் யுவராணி.

பூபதி ஏழு இயந்திரத்துக்கும் நடந்து போய் ஒவ்வொன்றாகச் சுவிட்சை அணைத்தார். அணைத்துத்தான் ஆகவேண்டும் என்று இல்லை, இனி அது வேலை செய்யப்போவதும் இல்லை. ஆனாலும் அணைத்தார்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். யுவராணி அந்தப் பத்தொன்பது லாட்டுகளின் எண்களைச் சென்னைக் கம்பெனிக்கு எழுதி, கீழே முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள். ஆஸ்பத்திரிகள் அந்த மூட்டுக்காரர்களைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்துப் பார்க்கத் தொடங்கின. பலருக்கு ஒன்றும் இல்லை, சிலருக்கு இருந்தது. நாற்பத்தோரு இடத்திலும் எட்டு நிமிடம் நின்றதால் நாடு முழுக்க மூட்டுக்குப் பஞ்சம் வந்தது. சாரதாமணியின் தேதி மூன்று மாதம் தள்ளிப்போனது. இரண்டாவது மாதத்தில் அவள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். செய்தி வந்த அன்று யுவராணி கண்ணாடி அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எட்டு நிமிடத்துக்கும் சாரதாமணி விழுந்ததற்கும் நடுவில் தன் பெயர் இருப்பதை அவளால் எப்படியும் மறைக்க முடியவில்லை.

அவளை யாரும் போகச் சொல்லவில்லை. மகுடேஸ்வரன்கூட ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் பூபதி அடைப்புக்குறிக்குள் எழுதுவதை நிறுத்திவிட்டார். மாமியாரை விசாரிக்க ஆளில்லாத கம்பெனியில் இருக்கப் பிடிக்காமல் ஐப்பசியில் அவள் விலகினாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது.

சேர்ந்த முதல் நாள் தளத்தைச் சுற்றிக் காட்ட மரியசெல்வி என்ற பெண் வந்தாள். இயந்திரம் ஓட்டுகிறவள், வாய் ஓயாதவள். இரைச்சல் எட்டாத தனி அறையில் மூட்டு செய்யும் இயந்திரம் நின்றிருந்ததைப் பார்த்து யுவராணி ஏன் நிற்கிறது என்றாள்.

"சாரதாமணி ஓடுது மேடம். எட்டு நிமிஷம் ஆகும். வாங்க, டீ குடிச்சிட்டு வந்துரலாம்."

யுவராணி நின்ற இடத்திலேயே நின்றாள். யார் சாரதாமணி என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும். இந்த முறையக் கண்டுபிடிச்ச அம்மாவா இருக்கும். பெரிய டாக்டர்னு நைட்டு ஷிப்டுல சொல்லிக்கிறாங்க. பெல்காம்ல இருந்து வந்த பையனும் சாரதாமணின்னுதான் சொல்றான். எல்லா ஊர்லயும் அப்படித்தானாம்." சொல்லிக்கொண்டே அவள் டீக்குப் போய்விட்டாள்.

திரையில் அந்த வரி இருந்தது. இது அவருடையதாக இருக்கலாம். எட்டு நிமிடம் காத்திருக்கிறேன். கீழே நேரம் குறைந்துகொண்டு வந்தது, ஏழு நிமிடம் நாற்பது வினாடி. யுவராணி கைபேசியை எடுத்தாள். பல மாதமாகக் கூப்பிடத் துணியாத எண்.

பூபதி எடுத்தார். வேலையிலிருந்து நின்றுவிட்டாராம், வீட்டில்தான் இருக்கிறாராம். அக்கா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். இடுப்பும் முட்டியும் சேர்த்து வைத்தாயிற்று, வாக்கர் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், வாசல் வரைக்கும்தான், அதற்குமேல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார்.

"அவளுக்கு வந்தது ஆறுன பீஸ்தானுங்க அம்மிணி. சில நாளைக்கு அது போதும்னு தோணுது. சில நாளைக்குத் தோண மாட்டேங்குது. உங்க மேல வருத்தமில்லீங்கன்னு சொன்னா பொய்யாப் போயிரும். ஆனா கூப்புட மாட்டீங்களான்னும் இருந்துச்சு."

அவள் இங்கே இவர்கள் சொல்வதைச் சொன்னாள். நாற்பத்தோரு இடத்தில் அந்த எட்டு நிமிடத்துக்கு அக்கா பெயர்தான் என்றாள். மறுமுனையில் அவர் யாரிடமோ எதையோ சொல்வதும், போன் கை மாறுவதும் கேட்டது.

"ஏம்மா, என்ற பேர எதுக்கு அங்கெல்லாம் எழுதி வெச்சிருக்கற?" சாரதாமணியின் குரல் மாறவேயில்லை.

"தெரியாம எழுதிட்டனுங்க அக்கா."

"எத்தன நிமிசம்ங்கற?"

"எட்டுங்க."

சாரதாமணி யோசிப்பது தெரிந்தது. "எட்டு நிமிசத்துல நான் வாசலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துருவேன். வேணும்னா பாரு" என்றாள். யுவராணி பதில் சொல்வதற்குள் போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் வாக்கரின் கால் சிமெண்டுத் தரையில் படும் சத்தம், ஒரு மூச்சு, மறுபடி வாக்கர்.

யுவராணி போனைக் காதோடு வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றாள். ஆறு நிமிடம். நான்கு. நடுவில் ஒருமுறை சத்தம் நின்று அவளுக்குப் பதறியது, மறுபடி கேட்டது. மரியசெல்வி டீயோடு வந்து, ஏன் மேடம் அழுறீங்க என்று கேட்டாள். யுவராணி கையைக் காட்டி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

எட்டு நிமிடம் முடிந்து இயந்திரம் கடைசி வெட்டைத் தொடங்கிவிட்டது. வாக்கர் சத்தம் இன்னும் திரும்பி வந்துகொண்டிருந்தது.